ஸ்விட்ச் முகத்தில் வெள்ளைக் கோடு

பச்சை விளக்கு எரிகிறது, ஆகவே இணைப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லுகிற ஆளை நான் நம்புவதில்லை. விளக்கு எரிகிறது என்பதற்கு மட்டும்தான் விளக்கு சாட்சி. உள்ளே என்ன போகிறது, போனது முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை அது சொல்லாது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும், ஏதாவது கடையில் கணினிக் கேபிள்களெல்லாம் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டியைக் கண்டால் அதன் விளக்குகளை முறைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்குப் போகவில்லை.

நான் கடைசியாக வேலை பார்த்த மருத்துவமனையில் சர்வர் அறையைக் காலி செய்துவிட்டார்கள். ஸ்கேன் படங்களெல்லாம் இப்போது எங்கோ தூரத்தில், யாரோ நடத்துகிற இடத்தில் இருக்கின்றனவாம். நம்முடைய அறையில் மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பழைய ஸ்விட்ச்சைக் கழற்றிய பிள்ளைகள் அதைப் படம் எடுத்து எனக்குப் போனில் அனுப்பி, "அண்ணாச்சி, இதுக்க மூஞ்சி முழுக்க வெள்ளையா கறை இருக்கே, துடைச்சாலும் போவமாட்டேங்குது, என்னது இது?" என்று கேட்டார்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் அல்ல. அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் பேச்சிப்பாறைக்கு மேலே. அப்பா ரப்பர் வெட்டுகிறவர். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். யாரும் தடுக்கவில்லை, எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். திருவனந்தபுரத்தில் ஓட்டல் வேலை, மும்பையில் மாடிக்கு மாடி டெலிபோன் வயர் இழுக்கிற வேலை, அப்புறம் வளைகுடாவில் பள்ளம் தோண்டி கேபிள் புதைக்கிற வேலை. வெயிலில் மயங்கி விழுந்திருக்கிறேன். விழுந்த இடத்திலேயே தண்ணீர் தெளித்து எழுப்பி மறுபடி மண்வெட்டியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஒருநாள் கேபிள் நுனியில் பிளக் மாட்டுகிறவன் ஊருக்குப் போய்விட்டான். அவனுடைய கருவியை எடுத்து நான் மாட்டினேன். அதன்பிறகு மண்வெட்டியைத் தொடவில்லை.

இரண்டாயிரத்து நான்கில் ஊருக்குத் திரும்பி, தக்கலையில் ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தேன். பைக்கில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போவேன். இரணியலில் ஓர் அலுவலகத்தில் தினமும் சாயங்காலம் இணைப்பு அறுந்துபோகிறது என்று புகார். ரயில் போகும்போது அதிர்வதால் என்று அங்கிருந்தவர்கள் சத்தியம் செய்தார்கள். நானும் கேபிளை முழுக்க மாற்றினேன். போகவில்லை. கடைசியில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். ரயில் வருகிற நேரத்துக்கு ஒருவர் எழுந்து, ஸ்விட்ச்சின் பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் டீ போடுகிற கெட்டிலைச் சொருகினார். ரயில் வருகிற நேரம்தான் அவர்களுக்கு டீ நேரம்.

அன்றிலிருந்து எந்தப் பழுதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது, இதை யார் செய்தது என்பதுதான். எது செய்தது என்பது அப்புறம்.

சில வருடம் கழித்து, நாகர்கோவில் போகிற பாதையில் இருந்த அந்த மருத்துவமனையின் சர்வர் அறைக்கு ஆள் எடுத்தபோது போனேன். என்னை எடுத்தவர் தாணுமூர்த்தி சார். தோவாளைப் பக்கத்து நெல் கிராமம். விமானப்படையில் வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகத்தில் நான் சாதாரண ஆள் என்பது அவரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அவர் கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். அறைச் சாவி இடுப்பில், வேட்டி மடிப்புக்குள். திருப்புளியைக் கொடுத்தால் திரும்ப வாங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார். ஒரு வேலையை முடித்துவிட்டு, "சார், லைன் சரியாச்சு" என்று சொன்னால்,

"ஆரு சொன்னா?" என்பார்.

"நான் பாத்தேன் சார்."

"நீரு பாத்தீரு. லைனு சரியாச்சுன்னு ஆரு சொன்னா?"

திரும்பப் போய் சோதித்துவிட்டு வருவேன். அவரும் எழுந்து வந்து சோதிப்பார். இரண்டு பேரும் ஒரே முடிவைச் சொன்னால்தான் வேலை முடிந்த மாதிரி. இந்த முறையில் ஒரு தப்பும் இல்லை. பிற்காலத்தில் நானும் அதையே செய்தேன்.

அவருக்கு இன்னொரு முறை இருந்தது. ஸ்விட்ச்சில் ஒரு கேபிளைச் சொருகியதும், வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பைத் தண்ணீரில் கொஞ்சம் இளக்கி, சுண்டுவிரல் நுனியால் தொட்டு, பிளக்கும் ஸ்விட்ச்சும் சேருகிற இடத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இழுப்பார். முதல்நாள் அதைப் பார்த்து நான் முழித்தேன்.

"ஓய், என்ன பாக்கேரு? எங்க களத்துல நெல்லைக் குமிச்சுப் போட்டா, மேல சாணியைக் கரைச்சுக் குறி போடுவோம். எவனாவது ஒரு கை அள்ளினாலும் குறி கலைஞ்சிரும். மறுநாளு போய்ப் பாத்தாத் தெரியும்."

"இங்க ஆரு சார் நெல்லு அள்ளப் போறா?"

"வயரைப் பிடுங்கிச் சொருகினா கோடு ஒடையும். ஒடைஞ்சா ஆளைப் பிடிக்கலாம்." பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கேட்டீரா, களத்துல குறி போடுற கை ஒண்ணுதான். மத்தவன் தொடப்படாது. அந்தக் கையை எவனும் கேள்வியும் கேக்க மாட்டான்."

ஸ்விட்ச்சில் கேபிள் சொருகுகிற எல்லாத் துளைகளிலும் அந்த வெள்ளைக் கோடு வந்தது. நானும் பழகிவிட்டேன்.

இனி அந்தப் பழுது. கீழே ஸ்கேன் அறை. அங்கே எடுக்கிற படம் கேபிள் வழியாக மாடிக்கு வந்து, ஸ்விட்ச்சைக் கடந்து, ஒரு கறுப்புப் பெட்டியில் சேரும். படங்களைச் சேமிப்பதற்கென்றே செய்த சர்வர் அது. கம்பெனிக்காரன் தவிர யாரும் திறக்கக்கூடாது என்று மேலே ஒட்டியிருக்கும். டாக்டர்கள் அந்தப் பெட்டியிலிருந்துதான் படத்தை எடுத்துப் பார்ப்பார்கள்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு படங்கள் பாதியில் நிற்கத் தொடங்கின. ஒரு தலையை ஸ்கேன் எடுத்தால் நெற்றி வரைக்கும் வந்து நின்றுவிடும். சிலது வரவே வராது. பைக்கிலிருந்து விழுந்த ஒருவருக்கு இரண்டாம் தடவை ஸ்கேன் எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் மேலாளரிடம் கத்தினார். மேலாளர் தாணு சாரிடம் கத்தினார்.

தாணு சார் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். பழுது எப்போதும் மத்தியானத்துக்கு மேல்தான் வருகிறது. அந்த நேரத்தில் ஸ்கேன் அறையில் டூட்டி பார்ப்பது ஜெஸ்லின். பழுது வந்த நாட்களில் கறுப்புப் பெட்டியின் கேபிளில் போட்ட கோடு உடைந்திருக்கிறது. ஒருநாள் மத்தியானம் ஜெஸ்லின் சர்வர் அறைக்குள் வந்ததை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். தக்கலையில் புதிதாக ஒரு ஸ்கேன் சென்டர் திறந்திருக்கிறது, இங்கே படம் கெட்டால் லாபம் அவர்களுக்கு. கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது.

மேலாளர் ஜெஸ்லினைக் கூப்பிட்டு, வாரக் கடைசிக்குள் உண்மையைச் சொல்லிவிடு, இல்லையென்றால் நின்றுகொள் என்று சொல்லிவிட்டார்.

ஜெஸ்லின் குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பெண். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். படத்தை அழித்தாள் என்று பெயர் வாங்கி வெளியே போனால், இந்த மாவட்டத்தில் எந்த மருத்துவமனையும் அவளை மெஷின் பக்கத்தில் விடாது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அழவில்லை. மாடிப்படியில் என்னை மறித்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் அந்த வயரைப் பிடுங்கணும்னா அந்த ரூமுக்குள்ள போவணும். சாவி அவருக்க இடுப்புல இருக்கு. நான் என்ன, செவுத்துல ஏறிப் போவதுக்குப் பல்லியா?"

"ஒருநாள் உள்ள போனியே பிள்ளே."

"கரண்டு போச்சு, போனு வேலை செய்யேல்ல. படம் வந்துதான்னு கேக்க வந்தேன். கதவைத் தொறந்து வச்சு அவருதான் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. கேட்டியளா, அவரு முன்னாலயே நான் களவு எடுத்தேனாம்!"

அவள் சொன்னது நியாயமாக இருந்தது. அதனால் என் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. தாணு சாரின் தங்கை மகன் ஒருவன் ஸ்கேன் எடுக்கிற படிப்பு முடித்துவிட்டு, அடிக்கடி மாமாவைப் பார்க்க வருவான். ஒரு நாற்காலி காலியானால் அவனுக்கு வசதி. கோடு போடுகிற கையே கோட்டை உடைத்தால் யார் கேட்பது? இதை நான் வெளியே சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் ஸ்விட்ச் பக்கத்தில் போகும்போதெல்லாம் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையையும் செய்தேன். சின்னச் சோதனைச் செய்தி அனுப்பினால் பெட்டி உடனே பதில் சொன்னது. பெரிதாக அனுப்பினால் சிலது திரும்பவில்லை. பச்சை விளக்கு மட்டும் அசையாமல் எரிந்தது. ஸ்விட்ச்சின் கணக்கைத் திறந்து பார்த்தேன். எந்தத் துளை வழியாக வந்த தகவல் உடைந்து வந்தது என்று ஸ்விட்ச் தானே எண்ணி வைத்திருக்கும். கறுப்புப் பெட்டியின் துளையில் அந்த எண் ஏறியிருந்தது. கேபிளை மாற்றினேன். சில நாள் நன்றாக ஓடியது, பிறகு மறுபடி. வேறு துளைக்கு மாற்றினேன். சில நாள் நன்றாக ஓடியது, பிறகு மறுபடி. பெட்டியை நேராக என் லேப்டாப்பில் சொருகிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

பெட்டிக் கம்பெனிக்குப் போன் செய்தால், "எங்க பெட்டி நல்லாருக்கு, ஸ்விட்ச்சைப் பாருங்க" என்றார்கள். ஸ்விட்ச் கம்பெனிக்குப் போன் செய்தால், "எங்க ஸ்விட்ச் நல்லாருக்கு, பெட்டியைப் பாருங்க" என்றார்கள். இருவரும் சொன்னதை தாணு சாரிடம் சொன்னேன்.

"ரெண்டு பேரும் உண்மைதான் சொல்லுகான். நடுவுல ஒரு கை இருக்கு" என்றார்.

ஒவ்வொரு தடவை மாற்றிச் சொருகும்போதும் அவர் புதுக் கோடு இழுத்தார். சந்தேகம் கூடக் கூடச் சுண்ணாம்பும் கூடியது. முதலில் நூல் மாதிரி இருந்த கோடு இப்போது விரல் தடிமன் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் அவரிடம் ஒன்று கேட்டேன். மத்தியானம் ஸ்கேன் அறையை மூடிவிட்டு, ஜெஸ்லினை இங்கே நம் முன்னால் உட்கார வைப்போம். நான் லேப்டாப்பிலிருந்து பழைய படங்களைப் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். பழுது வந்தால் அவள் இல்லை. வராவிட்டால் நீங்கள் சொன்னதுதான்.

அவர் வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "சந்தேகப்படுற ஆளைக் கண்ணு முன்னால வச்சிருக்கது நல்லதுதான். வரச் சொல்லும்."

அந்த வருடங்களில் தினமும் மின்வெட்டு. மத்தியானம் கரண்டு போகும், ஜெனரேட்டர் ஓடும். ஜெனரேட்டர் சர்வரைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. அன்றும் கரண்டு போனது. ஏசி நின்றது. அறை புழுங்கத் தொடங்கியதும் வழக்கம்போலத் தாணு சார் கதவை அகலத் திறந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெளியே நல்ல மழை. ஈரக்காற்று உள்ளே வந்தது. ஜெஸ்லின் ஒரு ஸ்டூலில், ஸ்விட்ச்சுக்கு எட்டாத தூரத்தில். நான் தரையில், மடியில் லேப்டாப்போடு. படங்கள் போய்க்கொண்டிருந்தன. உடைந்த தகவலின் எண் பூஜ்யத்தில் நின்றது.

"சாரே, நான் மூச்சு விடலாமா? அதுவும் லைனைக் கெடுக்குமா?" என்று ஜெஸ்லின் கேட்டாள்.

"பேசாம இரி பிள்ளே" என்றார் அவர்.

கொஞ்ச நேரத்தில் எண் அசைந்தது. ஒன்று இரண்டாகி, பிறகு மளமளவென்று ஏறியது. ஒரு படம் பாதியில் நின்றது.

"சார், வருது" என்றேன்.

ஜெஸ்லின் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "எனக்க கை ரெண்டும் இங்க இருக்கு. நல்லாப் பாத்துக்கிடுங்க. வேணும்னா கட்டிப் போடுங்க."

தாணு சார் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஓய், நீரு லேப்டாப்புல என்னவாவது பண்ணுதீரா?"

நான் லேப்டாப்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எண் ஏறிக்கொண்டேயிருந்தது. நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். ஒன்றில் வெற்றிலைப் பெட்டி. மற்றது முழங்கால் மேல். மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி இருந்தோம். ஸ்விட்ச் பக்கத்தில் யாரும் இல்லை.

"அங்க என்னமோ மின்னுது" என்றாள் ஜெஸ்லின்.

தாணு சார் டார்ச் அடித்தார். ஸ்விட்ச்சை மாட்டியிருந்த, ஏசியில் சில்லிட்டுக் கிடந்த இரும்பு அலமாரி, ஈரக்காற்று பட்டதும் வேர்த்திருந்தது. வெள்ளைக் கோடும் வேர்த்திருந்தது. காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்த சுண்ணாம்பு மறுபடி இளகி, பிளக்கின் மேல் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஸ்விட்ச்சில் பிளக்கைப் பூட்டிப் பிடிக்கிற நாக்கு கீழ்ப்பக்கம், உள்ளே தொட்டுக்கொள்ளும் தகடுகள் மேல்பக்கம். கோடு போட்டது மேலிருந்து.

வெற்றிலை போடுகிற ஆளுக்குச் சுண்ணாம்பு எதையும் அரிக்கும் என்று வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரே எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். தகடுகளின் மேல் வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு. அதை விரலில் எடுத்துத் தேய்த்து, டார்ச் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு வெற்றிலைப் பெட்டியை மூடிச் சட்டைப்பையில் போட்டார்.

"ஓய், பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் எடும்."

துளையைத் துடைத்துக் காயவிட்டு, புதுக் கேபிள் போட்டோம். கோடு போடவில்லை. கரண்டு வருகிற வரைக்கும் படம் அனுப்பினேன். எண் பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை. அவரும் தனியாக ஒருதரம் சோதித்தார். அதே முடிவு.

அப்போதுதான் எனக்கு மற்றதெல்லாம் புரிந்தது. கோட்டை யாரும் உடைக்கவில்லை. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து அதுவே உடைந்திருக்கிறது. நான் கேபிளையும் துளையையும் மாற்றியபோது சரியானது, புதுக் கோடு உள்ளே இறங்கச் சில நாள் ஆனதால். மற்ற துளைகளிலும் கோடு இருந்தது, ஆனால் அங்கே தடிமன் இல்லை. பில் போடுகிற கணினிகளில் போவதெல்லாம் சின்னத் தகவல், ஒன்று உடைந்தால் இன்னொரு தரம் அனுப்பிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. மத்தியானம்தான் பழுது வந்தது, மத்தியானம்தான் ஏசி நின்றது. அந்த நேரத்தில் டூட்டி பார்த்தவள் ஜெஸ்லின். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. துளை பழசாகிப்போயிற்று என்று இவர் மேலாளரிடம் சொல்லிவிடுவார், சுண்ணாம்பு வெளியே வராது, ஜெஸ்லின் மேல் இருக்கிற கறையும் அப்படியே கிடக்கும் என்று நினைத்தேன். அதனால் மேலாளர் அறைக்கு அவர் போனபோது, கூப்பிடாமலேயே பின்னால் போய் வாசலில் நின்றேன்.

அவர் பிடுங்கிய பிளக்கை மேசைமேல் வைத்தார். "படம் போவாம நின்னது எனக்க கையால. நான் போட்ட சுண்ணாம்பு உள்ள எறங்கிட்டு. அந்தப் பிள்ளை ஒண்ணும் செய்யேல்ல. ஆரு ஆருட்ட அவளைப் பத்திச் சொன்னீங்களோ, அவங்கள்ட்ட இதையும் சொல்லணும்."

மேலாளர் பிளக்கைத் தொடாமல் பார்த்தார். திங்கட்கிழமை டூட்டிப் பட்டியலில் ஜெஸ்லின் பெயர் வழக்கம்போல இருந்தது. அந்தத் தங்கை மகனைப் பற்றி நான் ஒருநாள் பேச்சுவாக்கில் விசாரித்தேன். அவன் முந்தின மாதமே பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டானாம்.

ஆனால் ஜெஸ்லினுக்கு ஆறவில்லை. "எல்லார்ட்டயும் சொன்னாரு. எனக்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா அண்ணே?" என்று கேட்டாள். மன்னிப்பு என்கிற வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வாரத்திலேயே ஒருநாள், தாணு சார் அவளை சர்வர் அறைக்குக் கூப்பிட்டார். எல்லாத் துளைகளையும் சுரண்டித் துடைத்திருந்தோம். இருந்தும் வெள்ளைக் கறை போகவில்லை. அவர் கையில் ஒரு காகித டேப் சுருளும் பேனாவும் இருந்தன. குறி போடாமல் அவரால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இப்போது ஒட்டப்போகிறார், நனைந்தாலும் இறங்காது, நல்லதுதான் என்று நினைத்தேன்.

அவர் டேப்பையும் பேனாவையும் அவளிடம் நீட்டினார்.

"இனி இதுல குறி நீ போடு. ஒரு துண்டு ஒட்டி, மேல ஒனக்க கையெழுத்தைப் போடு."

ஜெஸ்லின் வாங்கவில்லை. "நான் ஒட்டினா, நானே கிழிச்சு நானே திரும்ப ஒட்டுகேன்னு நாளைக்குச் சொல்லமாட்டியளா சாரே?"

"களத்துல குறி போடுற கையை எவனும் கேள்வி கேக்க மாட்டான்" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். முதல்நாள் அவர் எனக்குச் சொன்னது அவளுக்குத் தெரியாது. ஆனாலும் டேப்பை வாங்கினாள். கறுப்புப் பெட்டியின் கேபிளில் ஒரு துண்டைக் குறுக்கே ஒட்டி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். தாணு சார் குனிந்து பார்த்தார். துண்டின் ஓரம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க அவருடைய விரல் நீண்டது. தொடுவதற்கு முன்னால் நின்றது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டியபடி அங்கேயே நின்றார்.